அரை வட்டம்

மார்ச் 4, திங்கள்

நாளை மறுநாள் தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள். இன்று முழுவதும் வட்டப் பலகையோடு மல்லுக்கட்டினேன். எங்கள் லைனின் முகப்பில் தொங்கும் வெள்ளைப் பலகை அது. இடப்பக்கம் என்னையும் சேர்த்து ஒன்பது பேரின் பெயர். மேலே கார் வைப்பர் மோட்டார் செய்வதற்கான ஏழு வேலைகள், காந்தம் பொருத்துவதிலிருந்து கடைசியில் ஓடவிட்டுச் சத்தம் கேட்பது வரை. ஆளுக்கு ஏழு வட்டம். கால் வட்டம் கறுத்திருந்தால் கற்றுக்கொள்கிறான். அரை என்றால் பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வான். முக்கால் என்றால் தனியாகச் செய்வான். முழுதும் கறுத்திருந்தால் அடுத்தவனுக்கே சொல்லித் தருவான்.

மற்ற ஆறு வேலைகளில் பசங்கள் கெட்டி. சத்தம் கேட்பதில் மட்டும் எனக்கு முழு வட்டம், அவர்கள் எட்டுப் பேருக்கும் அரை. கியர் ஒரு மயிரிழை பிசகினாலும் என் காது சொல்லிவிடும். அதை எப்படிச் சொல்லித் தருவது என்றுதான் பதினோரு வருடமாக எனக்குத் தெரியவில்லை. மொட்டை வந்து பலகை முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றான். (தலை நிறைய முடி. சேர்ந்த அன்று மொட்டையாக வந்தான், பெயர் ஒட்டிக்கொண்டது.)

"என்ன லீடரே, எட்டுப் பேருக்கும் அரைன்னா, நாங்க என்ன அரைவேக்காடா?"

எல்லோரும் சிரித்தார்கள். தணிக்கை நாளில் பிள்ளைகள் மனம் சுருங்க வேண்டாம் என்று எட்டு வட்டங்களையும் முழுதாகக் கறுத்துவிட்டேன். பலகை பார்க்க ஜோராக இருக்கிறது.

மார்ச் 6

தணிக்கைக்காரர் பலகையைப் படம் எடுத்துக்கொண்டார். இதுதான் மற்ற லைன்களுக்கு முன்மாதிரி என்றார். எல்லோருக்கும் என் செலவில் டீ.

மார்ச் 12

இரண்டாவது ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். எங்கும் மந்தம், கார் வாங்க ஆள் இல்லையாம். கார் இல்லாத ஊரில் வைப்பருக்கு என்ன வேலை.

மார்ச் 15, வெள்ளி

என்னை அனுப்பிவிட்டார்கள்.

மத்தியானம் டைக்காரர் கூப்பிட்டார். மனிதவள அதிகாரியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். மேசை மேல் எங்கள் வட்டப் பலகையின் படம், வண்ணத்தில் அச்செடுத்து வைத்திருந்தார். லைனுக்கு ஒருவரைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு என்றார். "உங்க லைன்ல எட்டுப் பேரும் எல்லா வேலையும் செய்றாங்க, சொல்லியும் தர்றாங்க. நீங்களே போட்டதுதானே? லீடர் இல்லாமலே லைன் ஓடும் சார். அந்த அளவுக்கு வளர்த்து விட்டிருக்கீங்க. அதுக்கு நன்றி."

கை நீட்டினார். நானும் கை கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்?

சத்தம் கேட்கிற வட்டம் எட்டும் பொய் சார் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் எட்டில் ஒருவன் போவான். மொட்டைக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது. பெரிய தியாகி என்று இதை எழுதவில்லை. தணிக்கைக்குப் பொய் எழுதிய லீடர் என்று பெயர் வருமே என்ற பயமும் இருந்தது. எது அதிகம் என்று எனக்கே தெரியாது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி என் அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். வட்டத்தையும் சொன்னேன். கையில் விரிப்போடு அப்படியே நின்றாள். பிறகு, "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டீங்களே" என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அழுகை வந்துவிட்டது.

அப்பா கட்டிலிலிருந்து "ஆச்சு" என்றார். பக்கவாதம் வந்த மூன்று வருடமாக அவருக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். பசித்தாலும் ஆச்சு, வலித்தாலும் ஆச்சு. இன்று எதற்கென்று தெரியவில்லை.

மார்ச் 27

ஆறு கம்பெனி வாசல் ஏறி இறங்கியாயிற்று. ஆறிலும் வாட்ச்மேன்தான் பேசினார். ஒருவர் மட்டும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அது போதும், கண் கலங்கிவிட்டது. நாற்பத்தேழு வயதில் வாட்ச்மேன் கொடுத்த தண்ணீருக்கு அழுகிறேன்.

ஏப்ரல் 2

காலை ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சட்டை மாட்டி, ஷூ போட்டு, கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தேன். பத்தாவது படிக்கும் மகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது பார்த்து, "ஷூவுக்கு ட்யூட்டி போட்டிருக்கீங்களாப்பா?" என்றாள். வாய்க்கொழுப்பு முழுக்க அம்மாவுடையது.

ஏப்ரல் 13, சனி

வெளிநாடு போவது என்று முடிவு செய்து ஏஜென்சிக்குப் போனேன். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தது, அவளையும் அழைத்துப் போனேன். அப்பாவை மகள் பார்த்துக்கொண்டாள்.

மாடியில் சின்ன அறை. சுவரில் கடிகாரங்கள் ஐந்து, ஐந்தும் ஐந்து நேரம். ஏஜென்சி அம்மா என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பதினோரு வருட லீடர் என்றதும் புருவம் உயர்ந்தது. பிறந்த தேதியைப் பார்த்ததும் இறங்கிவிட்டது.

"தொழிற்சாலை வேலைக்கு நாப்பத்தஞ்சுதான் சார் எல்லை. அங்கயும் இப்ப மந்தம். சின்னப் பசங்களையே திருப்பி அனுப்புறாங்க."

கோப்பை மூடிவிட்டு, பேச்சுக்குத்தான் அவளிடம் கேட்டார்: "நீங்க என்னம்மா பண்றீங்க?"

"வீட்லதாங்க இருக்கேன்."

"வீட்ல?"

"மாமனாருக்கு ஒரு பக்கம் வராதுங்க. மூணு வருஷமா படுக்கை. அவரைப் பாத்துக்குறேன்."

அந்த அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். முதுகில் புண் வந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை. எப்படித் தூக்குகிறீர்கள்? இவள் எழுந்து, காலியாக இருந்த நாற்காலியை அப்பாவாக நினைத்துச் செய்து காட்டினாள். முழங்காலை எங்கே முட்டுக்கொடுப்பது, இடுப்புத் துணியை எங்கே பிடிப்பது என்று வரிசையாக. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்து இதை நான் ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை.

முதியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்களாம். இரண்டு வருட ஒப்பந்தம். இவளுக்கு நாற்பத்திரண்டு.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஏஜென்சி கொடுத்த விண்ணப்பத்தை மடியில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

ஏப்ரல் 16

சண்டை. போகக் கூடாது என்றேன். எவனோ ஒருத்தன் அப்பனுக்குக் கழுவிவிடவா உன்னைக் கட்டிக்கொண்டேன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் கோபப்படவே இல்லை.

"உங்க அப்பாவுக்குப் பண்ணப்ப இது உங்களுக்கு வேலையாவே தெரியல. இப்ப சம்பளம் தர்றேங்கிறாங்க. இப்பவாவது தெரியுதா?"

செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பினேன். 

ஏப்ரல் 24

ஏஜென்சியில் பொம்மையை வைத்து அவளுக்குத் தேர்வு நடத்தினார்களாம். பொம்மைக்குத் துண்டு போர்த்தாமல் சட்டையைக் கழற்ற மாட்டேன், அதுக்கும் மானம் இருக்கும் இல்லையா என்றாளாம். தேர்வாளர் எழுந்து நின்று கை கொடுத்தாராம். சொல்லும்போது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கல்யாணமான புதிதில் பார்த்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. தேறிவிட்டால் போய்விடுவாள் என்பதும் கூடவே நினைவு வந்தது.

மே 3, வெள்ளி

காலையில் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒரு தாள். கட்டம் போட்டு, வட்டம் வரைந்து, வட்டப் பலகை! எங்கள் லைனில் இருப்பது போலவே. எத்தனை வருடம் சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றி அளந்திருப்பேன், ஒன்று விடாமல் காதில் வாங்கியிருக்கிறாள்.

மேலே ஆறு வேலை. கட்டிலிலிருந்து நாற்காலி. குளியல். ஊட்டுவது. மாத்திரை. ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றுவது. கடைசியில் "கை". பெயர் இரண்டே. அவளுக்கு ஆறும் முழுக் கறுப்பு. எனக்கு ஆறும் வெள்ளை.

"லீடரே, இன்னைக்கே சேர்ந்துக்கிறீங்களா?" என்றாள்.

மே 10

ஊட்டுவது அவ்வளவு லேசில்லை. முகவாயைத் தாழ்த்தச் சொல்லி, அரைக் கரண்டி, விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்து, பிறகுதான் அடுத்தது. நான் அவசரப்பட்டேன். புரை ஏறி அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. அவள் முதுகைத் தாங்கிச் சரிசெய்தாள். என்னைத் திட்டவில்லை, "மோட்டார் இல்லங்க, மனுஷன்" என்றாள்.

கால் வட்டம்.

மே 21

கை. இதுதான் எனக்குப் பெரும்பாடு. அப்பாவின் இடக்கை எப்போதும் இறுகி மூடியே இருக்கும். திறந்து கழுவாவிட்டால் உள்ளங்கை புளித்து நாறும், நகம் சதைக்குள் இறங்கும். ஒவ்வொரு விரலாகப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தேன். நிமிர்த்த நிமிர்த்த இன்னும் இறுகுகிறது. விடாமல் இழுத்து நகவெட்டியை வைத்தேன், சதையையும் சேர்த்து வெட்டிவிட்டேன். ரத்தம். அப்பா "ஆச்சு, ஆச்சு, ஆச்சு" என்று அலறினார். நான் நகவெட்டியைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் கை அவள் மடியில் விரிந்து கிடந்தது.

"விரல்கிட்ட மல்லுக்கட்டாதீங்க. மணிக்கட்டை மெதுவா உள்பக்கமா மடக்குங்க. விரல் தானா விடும். பாருங்க."

மடக்கினாள். விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. இதை யார் உனக்குச் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "யாரு சொல்லித் தருவா? முதல் வருஷம் பூரா நானும் அழுதுக்கிட்டுதான் பிடிச்சேன்." அப்போது நான் எங்கே இருந்தேன்? லைனில், பசங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு.

ஜூன் 9, ஞாயிறு

மாட்டிக்கொண்டேன்.

மூன்று வாரமாக எந்த வட்டமும் அரையைத் தாண்டவில்லை. விரிப்பைச் சுருக்கத்தோடு விடுகிறேன். மாத்திரைப் பெட்டியில் காலையையும் மாலையையும் மாற்றி வைத்து, அவள் பார்க்கிற மாதிரி திறந்து வைக்கிறேன். ஆறும் நிறைந்தால் அவள் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். வட்டம் நிறைந்தால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

இன்று அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து அப்பா படுக்கையை நனைத்துவிட்டார். ஒருக்களித்து, துடைத்து, விரிப்பு மாற்றி, பவுடர் போட்டு முடித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் பையோடு நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"ஒரு சுருக்கம்கூட இல்ல" என்றாள். பை கீழே விழுந்தது. "எத்தனை நாளா நடிக்கிறீங்க?"

நான் அப்பாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். "நீ போவாதடி. நான் மூட்டை தூக்குறேன், எதையாவது பண்றேன். போவாத" என்றேன். மகள் அடுத்த அறையில் இருந்தாள், அவள் காதில் விழுமே என்றுகூடத் தோன்றவில்லை.

அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா? மூணு மாசமா வாசல் வாசலா ஏறிப் பாத்துட்டீங்க. அவ படிப்பு இருக்கு, அப்பா மருந்து இருக்கு. பயத்துல எனக்குத் தூக்கமே வரலைங்க. நீங்களும் இப்படிப் பண்ணா நான் எப்படிப் போவேன்?"

பிறகு எழுந்து போய், பேனா எடுத்து, என் வரிசையில் விரிப்பு வட்டத்தை முழுதாகக் கறுத்தாள்.

ஜூன் 30

ஐந்து முழு வட்டம். கை மட்டும் அரை.

ஜூலை 14, ஞாயிறு

கிளம்பினாள். அப்பாவின் கையைக் கழுவி, துடைத்து, நகம் வெட்டிவிட்டுத்தான் புடவை மாற்றினாள். "போய்ட்டு வர்றேன் மாமா" என்றாள். அவர் "ஆச்சு" என்றார். மூன்று வருடத்தில் அந்தச் சொல்லை இவ்வளவு மெதுவாகச் சொல்லிக் கேட்டதில்லை.

மகள் தாத்தாவோடு இருந்துவிட்டாள். நான் மட்டும் விமான நிலையம் வரை டாக்சியில் கூடப் போனேன். நல்ல மழை. வழியெல்லாம் அவள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள், எரிவாயு, மகளின் தேர்வு, எந்த மருந்துக் கடை. எனக்கு டாக்சியின் வைப்பர்தான் காதில் விழுந்தது. கியர் பிசகு, திரும்பும்போது ஒரு கரகரப்பு. எந்த லைன், எந்த ஷிப்ட் என்று என் புத்தி போய்க்கொண்டிருந்தது. இறங்கும்போதுதான் உறைத்தது. அவள் கடைசியாகச் சொன்னதில் பாதி என் காதில் ஏறவே இல்லை.

பாவி. அந்த நேரத்திலும் மோட்டார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வாரம் ஒருநாள் படம் தெரிகிற அழைப்பு. அவள் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கும் ஒரு பக்கம் வராதாம், ஆனால் வலக்கை. "மொத நாளே கை திறந்துட்டாருங்க. வீட்டுக்காரங்க அசந்து போய்ட்டாங்க" என்றாள். பெருமையாக இருந்தது. என் அப்பாவின் கையை விட்டு எவனோ ஒருவன் கையைப் பிடித்திருக்கிறாளே என்று எரிச்சலாகவும் இருந்தது. முகம் இளைத்திருக்கிறது. கேட்டால் திரை சரியில்லை என்கிறாள்.

செப்டம்பர் 11

இன்று யாரும் அழைக்கவில்லை. மழை.

அக்டோபர் 7, திங்கள்

மொட்டையிடமிருந்து போன்.

"லீடரே, லைன் மறுபடி ஓடப் போகுது. ஆனா நம்ம மோட்டார் கூடை கூடையா திரும்பி வருது. சத்தம் வருதாம். எங்க எட்டுப் பேருக்கும் ஒண்ணும் கேக்கல. டைக்காரரே உங்களைக் கூப்பிடச் சொன்னாரு. வர்ற திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்." கொஞ்சம் நிறுத்தி, "அன்னைக்கு நாங்க அரையாவே இருந்திருக்கலாம்" என்றான். குரல் உடைந்தது. போடா, குழந்தை எப்படி இருக்கு என்று கேட்டேன்.

போனை வைத்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஏழு மாதமாகக் காத்திருந்த போன்.

அக்டோபர் 8

வேலை மூன்று மாதத்துக்கு மட்டும்தானாம், பிறகு பார்க்கலாம் என்கிறார்களாம். வீட்டில் ஆள் வைத்தால் என் சம்பளம் அந்த ஆளுக்கே போய்விடும். இவள் ஒப்பந்தத்தை முறிக்கவும் முடியாது. அப்பாவை யார் பார்ப்பது?

சாயங்காலம் பார்த்தால் குளிர்சாதனப் பெட்டி மேலிருந்த தாளில் மூன்றாவதாக ஒரு வரிசை. மகளின் பெயர், ஆறு வெள்ளை வட்டம். மொட்டை பேசியதைக் கேட்டிருக்கிறாள்.

"நீங்க வேலைக்குப் போங்கப்பா. நான் ஒரு வருஷம் பள்ளிக்கூடம் நிறுத்திட்டுத் தாத்தாவைப் பாத்துக்குறேன். ஒரு வருஷம்தானே? சொல்லித் தாங்க, கத்துக்குறேன்."

ரப்பரை எடுத்து அந்த வரிசையை அழித்தேன். தாள் கிழிகிற அளவுக்கு அழித்தேன். உங்கம்மா எதுக்குடி அங்க போயிருக்கா என்று கத்திவிட்டேன். பிறகு அவள் தலையைத் தடவி மன்னிப்புக் கேட்டேன். பெற்ற பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பது அவ்வளவு ஒன்றும் கஷ்டமில்லை.

அக்டோபர் 10

மொட்டையிடம் சொல்லிவிட்டேன். "என்னால வர முடியாதுடா. இங்க எனக்கு மாத்து ஆள் இல்ல." வாரத்துக்கு இரண்டு பேராக வீட்டுக்கு வரச் சொன்னேன், பழுதான மோட்டாரும் நல்ல மோட்டாரும் எடுத்துக்கொண்டு. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கச் சொல்லித் தருகிறேன். வருகிறதோ இல்லையோ, இந்த முறை உண்மையாகச் சொல்லித் தந்து பார்க்கிறேன்.

அவளிடம் இதையெல்லாம் சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே உட்கார்ந்து அழுவாள்.

நவம்பர் 3, ஞாயிறு

குளியல், சாப்பாடு எல்லாம் முடித்து, அப்பாவின் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. போனைத் தலையணையில் சாய்த்து வைத்தேன்.

மகளின் மதிப்பெண், அந்த ஊர்க் குளிர், அந்தப் பெரியவர் இவளை "மகளே" என்கிற மாதிரி ஏதோ சொல்வது எல்லாம் பேசினோம். பிறகு, "தாளைக் காட்டுங்க, பாக்கணும்" என்றாள். மகள் எடுத்து வந்து திரை முன்னால் பிடித்தாள்.

"கை இன்னும் அரைதானா? நாலு மாசமாச்சுங்க."

"பக்கத்துல ஆள் இருந்தாதான் வருது" என்றேன்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். 

திரையில் அவள் முகம் இன்னும் கிட்டே வந்தது. பிறகு, "மாமா கையைக் காட்டுங்க" என்றாள்.

மணிக்கட்டை மெதுவாக உள்ளே மடக்கினேன். விரல்கள் விட்டன. உள்ளங்கை உலர்ந்து சுத்தமாக இருந்தது. ஐந்து நகமும் இப்போதுதான் ஒட்ட வெட்டியது, ஒரு கீறல் கிடையாது. திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். அப்பா அவள் முகத்தைப் பார்த்து "ஆச்சு" என்றார்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூக்கை உறிஞ்சினாள். குளிர் என்றாள்.

"சரிங்க" என்றாள். "நான் வர்ற வரைக்கும் அது அரையாவே இருக்கட்டும்."